ரெஸ்யூமேயில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி வரும்

வேலை தேடும்போது ரெஸ்யூமே தனி, இன்டர்வியூ தனி என்று பிரித்துவிடுவதுதான் பொதுவான வழக்கம். யாரோ அனுப்பிய டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி ஒரே ராத்திரியில் ரெஸ்யூமே முடிந்துவிடும். அழைப்பு வந்த பிறகுதான் இன்டர்வியூவுக்குத் தயாரிப்பு. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பது அந்தத் தாள்தான். அவர் கேட்கப்போகும் பலவும் அதிலிருந்துதான் வரும். எனவே ரெஸ்யூமே எழுதும்போதே பதிலையும் யோசித்துவிட வேண்டும்.

எழுத உட்காரும் முன் வேலை அறிவிப்பை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். கட்டாயம் என்று கேட்டிருப்பதையும் இருந்தால் நல்லது என்று கேட்டிருப்பதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்புகளில் மேலே இருக்கும் மூன்று நான்குதான் பெரும்பாலும் உண்மையான வேலை. கேட்டதெல்லாம் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்தில் ஆறேழு பொருந்தினால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். உரிமம், சான்றிதழ் மாதிரி சட்டப்படி தேவையான ஒன்று இல்லையென்றால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இதுவரை செய்த எல்லாவற்றையும், சின்ன வேலைகள் உட்பட, உங்களுக்கு மட்டுமான ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அது ஐந்தாறு பக்கம் போனாலும் பரவாயில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து பொருந்துவதை மட்டும் எடுத்தால் போதும், புதிதாக எழுத வேண்டியிருக்காது.

ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். “வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டேன்.” இதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவராது. எத்தனை புகார், நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டு திருப்பி எழுதினால் இப்படி வரும்: “நாளுக்குச் சுமார் 40 புகார்கள், அடிக்கடி வந்த 12 வகைப் புகார்களுக்கு மாதிரிப் பதில்கள் எழுதி வைத்ததில், முதல் பதில் போகும் நேரம் 2 நாளிலிருந்து 6 மணி நேரமாகக் குறைந்தது.” நல்ல வரிதான். ஆனால் இது என்னென்ன கேள்விகளை இழுத்து வரும் என்று பாருங்கள். அந்த 12 வகையை எப்படிப் பிரித்தீர்கள்? 6 மணி நேரம் என்று எதை வைத்து அளந்தீர்கள்? எல்லாருக்கும் ஒரே பதில் போனதில் யாரும் கோபப்படவில்லையா? இது உங்கள் யோசனையா, மேலாளர் சொன்னதா? நான்குக்கும் பதில் இருந்தால் வரி நிற்கட்டும். ஒன்றுக்கு இல்லையென்றாலும் அந்த இடத்தை மட்டுப்படுத்துங்கள்.

கையில் துல்லியமான எண் இல்லையென்றால் குழுவில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு பெரிய பட்டியல் என்று அளவைச் சொல்லலாம். “சுமார்” போடுவதில் தவறே இல்லை. “செயல்திறனை 300% உயர்த்தினேன்” என்பதுதான் ஆபத்து. எதிலிருந்து எதற்கு என்று ஒரு கேள்வி வந்தால் சரிந்துவிடும்.

அமைப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மேலே பெயரும் தொடர்பு விவரமும், அடுத்து இரண்டு மூன்று வரிச் சுருக்கம், பிறகு கடைசி வேலை முதலில் வரும்படி அனுபவம், கல்வி, திறன்கள். புதிதாக வேலைக்கு வருபவர் கல்வியையும் செய்த புராஜெக்ட்களையும் மேலே கொண்டுவரலாம். பத்து ஆண்டுக்குள் அனுபவம் என்றால் ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு. சமீபத்திய வேலைக்கு நான்கைந்து வரி, பழையதற்கு ஒன்றிரண்டு. எழுத்தளவு 10-க்குக் கீழே போக வேண்டாம். திறமைக்குப் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடும் டெம்ப்ளேட்கள் இருக்கின்றன. அந்த மதிப்பெண்ணை யார் போட்டது என்று யோசித்தாலே அதை அழித்துவிடுவீர்கள்.

விண்ணப்பங்களைக் கையாள நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏடிஎஸ் என்ற மென்பொருள் ரெஸ்யூமேயைத் தானாகவே கழித்துவிடும் என்று தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. அது முக்கியமாகச் செய்வது, கோப்பிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துச் சேமித்து வைப்பது. ஹெச்ஆர் அதில் சொற்களைப் போட்டுத் தேடுவார். ஆட்களைத் தானாகவே கழிப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆம்-இல்லைக் கேள்விகள்தான். எனவே அவற்றை அவசரத்தில் சொடுக்காதீர்கள். கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். இரண்டு பத்தி டிசைனாக இருந்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வரலாம். பக்கத்தின் மேல் ஓரத்துக்கென்று தனியாக இருக்கும் ஹெட்டர் பகுதியில் போட்ட தொலைபேசி எண்ணைச் சில மென்பொருள்கள் எடுக்காமல் விட்டுவிடும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் ஒட்ட எதுவுமே இருக்காது. அறிவிப்பில் இருக்கும் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கும் தந்திரமும் இந்தச் சோதனையில் அப்படியே வெளியே வந்துவிடும், ஹெச்ஆர் பார்க்கும்போதும்தான்.

அழைப்பு வந்ததும் நூறு கேள்வி-பதில்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆறேழு சம்பவங்கள் போதும்: ஒரு கருத்து வேறுபாடு, சரியாக வராத ஒரு வேலை, நெருக்கடியான கெடு, யாரும் சொல்லாமலே நீங்கள் எடுத்துச் செய்தது, அவசரமாகக் கற்றுக்கொண்டது, பிறரை வழிநடத்தியது. ஒவ்வொன்றையும் சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். சூழலுக்கு 20 வினாடி, செய்ததற்கு ஒரு நிமிடத்துக்கு மேல். பெரும்பாலான பதில்கள் கெடுவது இங்கேதான். சூழலை விவரித்தே நேரம் போய்விடும், செய்தது ஒரே வாக்கியத்தில் முடியும், விளைவு வராது. பல நிறுவனங்களில் எல்லாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் மதிப்பெண் போடுகிறார்கள். விளைவைச் சொல்லாவிட்டால் மதிப்பெண் தாளில் அந்தக் கட்டத்தில் எழுத, கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் இருக்காது. “நாங்கள் செய்தோம்” என்றே போய்க்கொண்டிருந்தாலும் அதே கதிதான்: குழுவுக்கு நல்ல பெயர், உங்களுக்கு மதிப்பெண் இல்லை. போனில் பதிவுசெய்து ஒருமுறை கேட்டால் இந்த இரண்டும் உடனே காதில் படும்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். இப்போது செய்வது, அதற்கு முன் செய்ததில் இங்கே பொருந்துவது, இந்த வேலை ஏன். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். இடைவெளி ஆண்டுகள் பற்றிக் கேட்டால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு இப்போது தயாராக இருப்பதற்குப் போய்விடுங்கள். நீட்ட நீட்டத்தான் சந்தேகம் வரும். சம்பளப் பேச்சு முதல் சுற்றிலேயே வந்தால், இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. சொல்ல மறுத்தால் சந்தை நிலவரத்தைப் பார்த்து வைத்திருக்கும் உங்கள் வரம்பைச் சொல்லுங்கள். அதன் கீழ் எல்லை உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமானதாக இருக்கட்டும்.

கடைசியில் “ஏதாவது கேட்க வேண்டுமா” என்பார்கள். “முதல் 3 மாதத்தில் எது முடிந்திருந்தால் சரியான ஆளை எடுத்தோம் என்பீர்கள்?” என்று கேட்கலாம். இது புதிய பதவியா, ஒருவர் விலகிய இடமா என்பதையும் கேட்கலாம். இரண்டுக்கும் வரும் பதிலை வைத்தே வேலையின் நிலவரம் புரிந்துவிடும்.

வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள், கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள், எந்த வரியிலிருந்து வந்தது என்பதோடு. தடுமாற வைத்த வரியைத் திருத்துங்கள். இருபது இருபத்தைந்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்புகூட வரவில்லையென்றால் கோளாறு ரெஸ்யூமேயிலோ நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலைகளிலோ இருக்கிறது. இன்னும் ஐம்பது போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமேயைத் தொட வேண்டாம், சம்பவங்களைத் திரும்ப எழுதுங்கள்.