கோலா கூடியது, கைக்கு வருவது குறைந்தது

அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 2026க்கான உயர்வு 2.8 சதவீதம். பிடித்தத்துக்கு முன் எனக்கு மாதம் 2,800 டாலர் வந்துகொண்டிருந்தது. கணக்குப்படி 78.40 கூட வேண்டும். டிசம்பரில் வந்த கடிதத்திலோ, கைக்கு வரும் தொகை 2,615இலிருந்து 2,594ஆக இறங்கியிருந்தது.

விலைவாசிக்கேற்பத் தரும் இந்த உயர்வைத்தான் கோலா என்பார்கள்; நம்மூர் அகவிலைப்படி மாதிரி. 1975 முதல் தானாகவே கிடைக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விலைவாசிக் குறியீட்டை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, அக்டோபரில் அறிவிப்பார்கள். 2023இல் 8.7 சதவீதம் கொடுத்தார்கள். 2016இல் ஒன்றுமே இல்லை. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் குறியீடு வேலைக்குப் போகிறவர்களின் செலவை வைத்துப் போடுவது. டாக்டர், மருந்து என்று செலவழிக்கும் எங்களைப் போன்றவர்களின் பட்ஜெட் அதில் சரியாகத் தெரியாது என்பது என் எண்ணம்.

சரி, என் பணத்தைத் தின்றது எது? முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், டாக்டர் செலவுக்கான பி பிரிவின் பிரீமியம். அதை சோஷியல் செக்யூரிட்டியிலேயே பிடித்துக்கொள்வார்கள். 2025இல் 185 டாலராக இருந்தது 2026இல் 202.90 ஆனது. பெரும்பாலானோர் கட்டுவது இவ்வளவுதான். எனக்கு 284.10 போட்டிருந்தார்கள். வருமானம் அதிகம் உள்ளவர்களிடம் வாங்கும் கூடுதல் தொகை அது; இர்மா என்பார்கள். பிரீமியம் ஏறியதால் கைக்கு வரும் தொகை குறையக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதி உண்டு. இர்மா கட்டுபவர்களுக்கு அதுவும் கிடையாது.

நான் 2025 வசந்தத்திலேயே வேலையை விட்டுவிட்டேன். அப்புறம் எங்கிருந்து வந்தது அதிக வருமானம்? அவர்கள் பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கை. 2024இல் நானும் மனைவியும் சம்பாதித்தது, தம்பதியருக்கான 218,000 டாலர் எல்லையைத் தாண்டியிருந்தது.

இதற்கு வழி, எஸ்எஸ்ஏ-44 என்ற படிவம். வாழ்க்கையில் பெரிய மாற்றம் வந்து வருமானம் குறைந்திருந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம். திருமணம், விவாகரத்து, துணையின் மறைவு, வேலையை விட்டது, வேலை நேரம் குறைந்தது என்று எட்டு காரணங்கள் இருக்கின்றன. நான் ‘வேலையை விட்டது’ என்பதில் டிக் செய்து தேதியைப் போட்டேன். அடுத்து, வருமானம் குறைந்த ஆண்டு எது, அதில் எவ்வளவு வரும் என்று எழுத வேண்டும்.

இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. சம்பளம், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுப்பது, சோஷியல் செக்யூரிட்டியில் வரிக்கு உட்படும் பங்கு (85 சதவீதம் வரை போகலாம்) எல்லாம் சேரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வங்கியில் போடும் என்ஆர்இ டெபாசிட்டின் வட்டியும் சேரும். இந்தியாவில் அதற்கு வரி இல்லை என்பதால் நம்மவர்கள் பலர் அதை மறந்தே போகிறார்கள். அமெரிக்காவில் அதுவும் வருமானம்தான்.

வேலையை விட்டதற்கு அத்தாட்சி வேண்டும். பழைய கம்பெனியில் கடிதம் வாங்குவதுதான் பெரும் பாடாக இருந்தது. நான் வேலை பார்த்த பிரிவே கலைந்துபோயிருந்தது. கடைசி நாள் எது என்று ஒற்றை வரி எழுத, மெயில் மேல் மெயில் போட வைத்தார்கள். வேலையை விடும் நாளிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தையும் கடிதத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஜனவரிப் பணம் குறைந்த தொகையாகத்தான் வந்தது. அப்புறம் திருத்திய கடிதம் வந்தது: பிரீமியம் 202.90, கைக்கு 2,675. சென்ட்டுகளை வெட்டிவிடுவார்கள், ஐம்பது காசு போனால் போகட்டும். கூடுதலாகப் பிடித்ததும் திரும்பி வந்துவிட்டது. ஆக, 78.40 உயர்வில் எனக்கு நின்றது 60 டாலர். மருந்துத் திட்டமான டி பிரிவுக்கும் இதேபோல் இர்மா உண்டு. இதே படிவம் அதற்கும் போதும்.

நண்பர் ஒருவர் கோயம்புத்தூரில் மனையை விற்றதில் எல்லையைத் தாண்டிவிட்டார். அவரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எட்டு காரணங்களில் சொத்தை நாமாக விற்று லாபம் பார்த்தது வராது. அவர் ஓர் ஆண்டு கட்டித்தான் ஆக வேண்டும். அடுத்த ஆண்டு வரிக் கணக்கில் வருமானம் இறங்கியிருந்தால் பிரீமியமும் தானாகவே இறங்கிவிடும்.