அப்பாவின் முழங்காலும் கலத்துக்கு ஒன்றாக இருக்கிற பிசிரும்

அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு கிளினிக்கில் சொன்னது ஒரே வரிதான். "ஐயா, முழங்கால் தேய்ஞ்சு போச்சு." அன்றோடு அப்பா நடப்பதை விட்டுவிட்டார். திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலைக் கயிறு இழுத்தும், வள்ளத்தில் போய்த் தூண்டில் போட்டும் நாற்பது வருசம் காலில் நின்றவர், வெள்ளி தவறாமல் கோட்டை வாசலால் நுழைந்து மான்கள் மேய்கிற பாதையில் ஏறி கோணேசரைக் கும்பிட்டு வந்தவர், இப்போது விறாந்தைக் கதிரையை விட்டு எழும்புவதில்லை. கேட்டால், "இருக்கிறதையும் ஏன் மகள் தேய்ப்பான்?" என்கிறார்.

நான் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அந்தத் "தேய்ஞ்சு போச்சு" எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சைக்கிள் டயர்தான் அப்படித் தேயும். மூட்டில் இருப்பது உயிருள்ள இழையம், தன் மேல் விழுகிற பாரத்தை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிற இழையம். அந்த உணர்வில் ஒரு பங்கு பிசிர் என்கிற ஒரு மிகச்சிறிய மயிருக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கசியிழையம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் குருத்தெலும்பு என்று இருக்கும். மூட்டுக் கசியிழையத்துக்குள் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் வகைக் கொலாஜன் நாரும், தண்ணீரைப் பிடித்து வைக்கிற அக்ரிகனும். கலங்களின் (செல்களின்) பங்கு கனவளவில் ஒரு சில சதவீதம்தான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் கட்டி, பழுது பார்த்து, தேவையானால் உடைப்பதும் அவைதான். ஒவ்வொன்றும் தன் சிறு குழிக்குள் அடைந்து கிடக்கிறது. நீங்கள் நடக்கிறீர்களா படுத்திருக்கிறீர்களா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அநேகமாக ஒவ்வொரு கசியிழையக் கலத்திலும் ஒரே ஒரு பிசிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற பிசிர்களுக்கு நடுவில் ஒரு சோடி நுண்புன்குழாய்களும் (புரதத்தாலான மிக நுண்ணிய குழாய்கள்) சுற்றிவர ஒன்பது சோடிகளும் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். இதில் அந்த நடுச்சோடி இல்லை, ஆகவே அடிக்காது. கலத்துக்குள் இருக்கிற புன்மையத்தி (சென்ட்ரியோல்) ஒன்றிலிருந்து முளைக்கிறது, நீளம் ஓரிரு மைக்ரோமீற்றர். சிம்மர்மான் என்ற ஆய்வாளர் இந்த வகைப் பிசிரை 1898இலேயே விவரித்திருக்கிறார், 'முதன்மைப் பிசிர்' என்ற பெயர் சொரோக்கின் 1968இல் கொடுத்தது. இடையிலும் பிறகும் பல காலம் இது பரிணாமத்தில் மிஞ்சிய ஒன்று, வேலை எதுவும் இல்லை என்றே பலர் நினைத்தார்கள். கசியிழையத்தில் இது சுற்றுப்புறத்தைத் துழாவி அறிகிற கருவியாக இருக்கலாம் என்று நியூசிலாந்தில் பூல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1985இல் எழுதினார்கள். பிறகு வந்த இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் பிசிர் கொலாஜன் நார்களைத் தொட்டுக்கொண்டும் வளைந்தும் இருப்பது தெரிந்தது.

இதை அப்பாவுக்குச் சொன்னபோது, "தங்கூசி மாதிரி" என்றார். விரலில் நூல் கிடந்தால் போதுமாம், மீன் கொத்துகிறதா, நீரோட்டம் இழுக்கிறதா, கல்லில் கொழுவிவிட்டதா, எல்லாம் இருட்டிலும் தெரியுமாம். நல்ல உவமைதான். ஆனால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கலத்தை அழுத்தினால் அது ஏ.ரி.பி. என்ற சக்தி மூலக்கூறை வெளியே விடும், அந்த ஏ.ரி.பி. திரும்ப வந்து கலத்துக்குள் கல்சிய அலையைக் கிளப்பும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் வான், நைட் என்ற ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2012இல் காட்டியது என்னவென்றால், பிசிரைக் கட்டுவதற்கு வேண்டிய ஐ.எஃப்.ரி.88 என்ற புரதம் பழுதான கலங்களும் அழுத்தும்போது ஏ.ரி.பி.யை விட்டன, கல்சிய அலைதான் எழவில்லை. அதாவது நூல் இழுபட்டது வேறு வழியாலும் தெரிகிறது, அந்தச் செய்தியை வாங்கிக் கலத்துக்குப் புரிய வைக்கத்தான் பிசிர் வேண்டியிருக்கிறது.

பிசிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹெட்ஜ்ஹொக் என்ற சமிக்ஞைப் பாதை அதன் வழியாகத்தான் ஓடுகிறது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் எந்தக் கலம் பெருகவேண்டும், எது பருத்து எலும்புக்கு இடம் விடவேண்டும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு. பிசிர் சம்பந்தமான மரபணுக்கள் சில பழுதானால் கைகால் குட்டையாக, சிலவேளை ஆறு விரலோடு பிள்ளை பிறக்கும். ஆனால் முதிர்ந்த மூட்டில் இதே பாதை மிதமிஞ்சி எழுந்தால் கெடுதல். மூட்டுத் தேய்வு என்று சொல்கிற ஒஸ்ரியோஆர்த்ரைற்றிஸ் வந்த மூட்டில் அது கூடியிருப்பதும், எலிகளில் அதைத் தடுத்தால் சேதம் குறைவதும் 2009இல் வெளிவந்தது.

எலிகளின் கசியிழையத்தில் பிறப்புக்கு முன்பே ஐ.எஃப்.ரி.88ஐ நீக்கினால் மூட்டில் இழையம் தடிப்பாக ஆனால் மெத்தென்று வருகிறது. வளர்ந்த பிறகு நீக்கினால் மெலிந்து போகிறது. ஒரே புரதம், வயதுக்கு ஏற்ப வேறு விளைவு! நோயுற்ற மூட்டில் பிசிர் காணாமல் போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், உண்மையில் அரிப்பு விழுந்த மேற்பரப்புக்குப் பக்கத்தில் பிசிருள்ள கலங்கள் கூடுகின்றன, பிசிரும் நீள்கிறது. அழற்சியைக் கிளப்பும் இன்ரர்லூக்கின்-1 என்ற புரதத்தைக் கலங்களில் விட்டாலும் பிசிர் நீளும். ஆய்வுகூடத்தில் கலங்களை அளவாக இழுத்தால் ஹெட்ஜ்ஹொக் செய்தி போகிறது, 20 சதவீதம் வரை இழுத்தால் பிசிர் குறுகிச் செய்தி நின்றுவிடுகிறது.

இதை வைத்து மருந்து ஒன்றும் இன்னும் கைக்கு வரவில்லை, யாராவது பிசிர் மருந்து என்று விற்றால் வாங்காதீர்கள். நான் அப்பாவிடம் சொன்னது வேறு. பாரமே படாமல் வைத்திருந்தால் கசியிழையம் மெலியும், முழங்கால் நோவுக்கு உலகம் முழுக்க முதலில் சொல்கிற வைத்தியமே அளவான நடையும் தொடைத் தசைப் பயிற்சியும்தான். கயிறு இழுக்கச் சொல்லவில்லை, குந்தி எழும்பச் சொல்லவில்லை. "உள்ளே இருக்கிற கலங்கள் நீங்கள் நடக்கிறீர்களா என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கு அப்பா" என்றேன்.

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. நேற்றுப் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு தடியை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடிவு வரை போய் வந்தார். ஆறு நிமிடம் பிடித்தது. கோணேசர் மலைக்கு இந்த வெள்ளி முடியாது, கீழே கோட்டை வாசல் வரைக்கும் ஓட்டோவில் போய் அங்கிருந்து கொஞ்சம் நடந்து பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.