ஊக்கும் நாடாவும்

அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் 'சி-பெப்டைடு' என்றொரு வரி. "இது என்னடி, நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். இன்சுலின் உருவாகும்போது வெட்டுப்படும் துண்டு, உடம்பு சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்றேன். உயிர்வேதியியல் படித்தவள் அதோடு நிறுத்துவேனா? அதற்கும் முன்பே இன்னொரு துண்டு போய்விடும், அதை எந்தத் தாளும் எழுதுவதில்லை என்று ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா அப்போது பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். நுனியில் ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் விட்டு, துணிக்கு மேலிருந்தே விரல்களால் நகர்த்துவார். எனக்கு வேறு உவமை தேவைப்படவில்லை.

இன்சுலினின் முதல் வடிவம் 110 அமினோ அமிலங்கள் கோத்த இழை. முதல் 24தான் ஊக்கு. தண்ணீரோடு ஒட்டாத பகுதி அதில் உண்டு. இப்படியொரு நுனி, புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோமிலிருந்து தலைகாட்டியதும் எஸ்ஆர்பி என்ற துகள் பற்றிக்கொள்ளும். உற்பத்தி சற்று மந்தப்படும். ரைபோசோமோடு சேர்த்து எண்டோபிளாச வலையின் சவ்வில் கொண்டுபோய் விடும். செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதங்கள் முதலில் நுழையும் அறை அது. அங்கே செக்61 என்ற துளை, மணற்கடிகாரம்போல இடுப்பு சிறுத்தது. சும்மா இருக்கையில் ஒரு சிறு அடைப்பான் அதை மூடியிருக்கும். ஊக்கு வந்தால் விலகும். இழை நீள நீள உள்ளே இறங்கும். இன்சுலின்போன்ற சிறியவை சில சமயம் முழுதாக முடிந்த பிறகும் நுழைவதுண்டு.

உவமை ஓரிடத்தில் பிசகும். அம்மாவின் ஊக்கு முன்னால் போகிறது. செல்லின் ஊக்கோ துளையருகே சவ்வில் ஒட்டி நிற்க, மீதி இழை கொக்கியாக வளைந்து இறங்குகிறது. பிறகு ஒரு நொதி ஊக்கை வெட்டிவிடும். மிஞ்சுவது 86. சி-பெப்டைடின் 31, அதன் இரு முனைகளில் இருக்கும் நான்கு ஆகியவையும் போனால் இன்சுலினின் 51.

குந்தர் பிளோபெல், டோபர்ஸ்டைன் என்ற இரு செல் உயிரியலாளர்கள் 1975இல் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுண்டெலியின் ஆர்என்ஏ (புரதத்தை எப்படிக் கோப்பது என்ற குறிப்பு), முயலின் ரைபோசோம், நாய்க் கணையத்தின் சவ்வு, மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்தார்கள். முன்பின் அறியாத அந்த மூன்றும் சண்டையில்லாமல் வேலை செய்தன! இழை உள்ளே போனது, ஊக்கும் வெட்டுப்பட்டது. புரதம் முடிந்த பிறகு சவ்வைச் சேர்த்தபோது இரண்டும் நடக்கவில்லை. பிளோபெலுக்கு நோபல் வர 1999 ஆனது.

"அந்த ஊக்கை என்ன செய்யும்?" என்றார் அம்மா.

"நறுக்கி அழித்துவிடும்."

"வீண்தானே" என்றவர், மறுமுனையில் எட்டிப் பார்த்த ஊக்கைக் கழற்றி வளையலில் மாட்டிக்கொண்டார்.