சத்துவாச்சாரி மருந்துக்கடை போர்டு

மே 7, புதன்
போர்டில் ஒட்ட வேண்டிய வினைல் (பின்னால் பசை உள்ள பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) பிரிண்ட் வந்துவிட்டது. இன்றே ஒட்டச் சொல்லிக் கடைக்காரர் விடாமல் போன் பண்ணுகிறார். சால்வென்ட் மை, ஒரு நாளாவது விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு லேமினேஷன் (மேலே ஒட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம்) போட்டால் உள்ளே தங்கும் சால்வென்ட் பசையைக் கெடுத்து, ஓரம் சுருண்டுவிடும். நாள் தள்ளினாலும் பரவாயில்லை.

மே 8, வியாழன்
லேமினேஷன் முடிந்தது. போர்டுக்கு 8-க்கு 4 அடி ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை) இரண்டு. இணைப்பு எந்த எழுத்தின் மேலும் விழாதபடி டிசைனிலேயே தள்ளி வைத்திருந்தோம்.

மே 9, வெள்ளி
அக்னி நட்சத்திரம். வேலூரில் பத்து மணிக்கே ஷீட் கையைச் சுடும். சூட்டில் வினைல் இளகி, இழுத்த பக்கம் நீளும். பசையும் தொட்ட இடத்தில் அப்பிக்கொள்ளும். அதனால் விடியற்காலையிலேயே ஷெட்டைத் திறந்துவிட்டோம். ஃபேனைப் போடவில்லை, தூசி கிளம்பும்.

ஷீட்டின் மேல் பாதுகாப்புத் தாளை உரித்து, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தோம். வினைலைச் சரியாக வைத்து, நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப். ஒரு பாதியை மடித்துப் பசையை மூடியிருக்கும் பின்தாளை உரித்து வெட்டியாயிற்று. அப்புறம் தண்ணீர் ஸ்ப்ரே.

"அண்ணே, ஷாம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"வேணாம்டா தம்பி. நாலு சொட்டு போதும், அதிகமானா பசை பிடிக்காது."

காற்று வெளியேறப் பசையில் வரி உள்ள வினைலுக்குத் தண்ணீரே கூடாது. அந்த வரி நிரம்பிவிடும். இது சாதா வினைல்.

ஸ்குவீஜியை (தேய்த்துத் தள்ளும் தகடு) நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மிதித்துப் போக வேண்டும், கோலம் போடுகிறவர் கை போல அவசரமில்லாமல். தம்பி இன்று அப்படித்தான் தள்ளினான். முதல் ஷீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மே 11, ஞாயிறு
இரண்டாவது ஷீட்டில் பட்டாணி அளவில் ஒரு பபுள். கத்தி வைத்தால் வெயிலில் அந்த வெட்டு வாய் பிளக்கும். ஊசியால் ஓரத்தில் குத்தி, விரலால் காற்றைத் துளைப் பக்கம் தள்ளினேன், படிந்துவிட்டது. ஓரங்களுக்கு ஹீட் கன் காட்டி இன்னொரு தடவை அழுத்தியாயிற்று. தண்ணீர் போட்டு ஒட்டியது, இன்னும் ஒரு நாள் ஷெட்டிலேயே இருக்கட்டும். செவ்வாய் காலை ஏற்றலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.