அம்மாவின் தட்டு

டிசம்பர் 4
நேற்று இரவு அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறைக்குக் கூட்டி வந்துவிட்டோம். விறகடுப்பில் சேலை தீப்பற்றி 45 நாள் ஆகிறது. அப்போது 52 கிலோ, இப்போது 45. டயட்டீஷியன் எழுதித் தந்த தாளில் முதல் வரியே, ஒரு நாளைக்கு 80 கிராம் புரதம். பெரிய தீக்காயம் பட்டவர் படுத்தே கிடந்தாலும் உடம்பு சக்தியை இரு மடங்கு வரைகூடச் செலவழிக்குமாம். சாப்பாட்டில் கிடைக்காததைத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அம்மாவின் தோளைத் தொட்டால் எலும்புதான் தட்டுப்படுகிறது.

டிசம்பர் 5
பெரியம்மா தட்டிலிருந்த முட்டையை எடுத்துவிட்டார். "பச்சைப் புண்ணுடி, சீழ் வச்சிரும். ரசஞ்சோறு குடு." பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மூன்று வேளை ரசஞ்சோற்றிலும் 20 கிராம் புரதம் தேறாது. சீழ் வைப்பது கிருமி. தோல் வளர்வதற்குத்தான் முட்டை வேண்டும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் முகம் இறுகியே இருந்தது.

டிசம்பர் 9
ஒரு முட்டைக்கு 6 கிராம் புரதம் என்றால் முட்டையை மட்டுமே நம்ப முடியாது. நம்ம ஊர் பட்டர் பீன்ஸை மசித்துக் கொடுக்கிறேன். பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் கலக்கிறேன். கழுத்துத் தோல் இழுப்பதால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. அதனால் இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. புண்ணில் வடிந்த நீரோடு சிங்க், செம்பு, செலினியம் மாதிரி தாதுச்சத்தெல்லாம் போய்விடுமாம், அதற்கு மாத்திரை இருக்கிறது. தம்பி குளூட்டமின் (புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம்) பவுடர் வாங்கலாமா என்று கேட்டான். சுமார் 1,200 தீக்காய நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கச் சொன்னேன்.

டிசம்பர் 18
காலையில் புல்லெல்லாம் உறைபனி. குளிரைத் தாங்கவும் உடம்பு சக்தியைத்தான் எரிக்கிறது. தீக்காய வார்டை 28, 30 டிகிரியில் வைத்திருந்தது அதற்காகத்தான். கணப்புச் சட்டியை உள்ளே கொண்டு வந்தேன். அதிலிருந்த தீக்கங்குகளைப் பார்த்ததும் அம்மா சுவரோரமாக ஒடுங்கிவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கரண்ட் ஹீட்டர் இரவல் வாங்கி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன்.

டிசம்பர் 27
46.2 கிலோ! தீக்காயத்தில் ஒட்டுவதற்குத் தோல் எடுத்த தொடைப் புண்ணும் காய்ந்துவிட்டது. பெரியம்மா டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் முட்டையை உரித்து, ரசஞ்சோற்றில் பிசைந்து, அம்மாவுக்கு அவரே ஊட்டினார்.