25 மி.மீ. ராடில் குறுக்குத் துளை: நடுக்கோடு பிடித்த விதம்

வேலை இதுதான்: 25 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடின் குறுக்கே, சரியாக மையத்தின் வழியாக, 6 மி.மீ. பின் நுழைய ஒரு துளை. துளை போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. ராடின் உச்சியைப் பிடிப்பதில்தான் நேரம் போகிறது.

உச்சியை உயரத்தை வைத்துத் தேடக் கூடாது. இந்த ராடில் உச்சியிலிருந்து 1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால் பரப்பு இறங்குவது 0.04 மி.மீ. மட்டுமே. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் அங்கே சரிவு நாலரை டிகிரி. டிரில் பிட் வழுக்கி ஓடுவது அதனால்தான். எனவே பார்க்க வேண்டியது சரிவை.

அதற்கு 150 மி.மீ. நீளமுள்ள மெல்லிய ஸ்டீல் ரூல் போதும். ராடை வீ பிளாக்கில் (உருண்டையை உருளாமல் தாங்கும் V வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்து, டிரில்லிங் மெஷினின் சக்கில் (பிட்டைப் பிடிக்கும் பகுதி) கூர்முனைக் கம்பி ஒன்றை மாட்ட வேண்டும். மோட்டாரை ஓட விடாமல், ராடின் குறுக்கே ரூலை வைத்து அதன் நடுவில் முனையை மெதுவாக இறக்கினால், உச்சிக்கு நேராக இல்லாதபோது ரூல் ஒரு பக்கம் சாயும். 0.1 மி.மீ. விலகலுக்கே இரு நுனிகளின் உயரத்தில் சுமார் 1.2 மி.மீ. வித்தியாசம் வருகிறது. நுனிகளின் உயரத்தை மெஷின் டேபிளிலிருந்து அளந்து, இரண்டும் சமமாகும்வரை வீ பிளாக்கை நகர்த்த வேண்டும். ரசமட்டம் வேண்டாம், டேபிளே மட்டமாக இல்லாமல் இருக்கலாம். அழுத்தம் கூடினால் ரூல் வளைந்து பொய் சொல்லும். லேசாகத் தொட்டாலே போதும்.

கிளாம்ப் இறுக்கியதும் ரூலை மறுபடி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இறுக்கும்போது வீ பிளாக் நகர்வது மிகச் சாதாரணம். டேபிள் சாய்ந்திருந்தாலும் தொல்லைதான்: அரை டிகிரி சாய்வுக்கு 25 மி.மீ. ஆழத்தில் துளை 0.2 மி.மீ. விலகி வெளியே வரும். சக்கில் வளைந்த கம்பி ஒன்றை மாட்டிக் கையால் சுற்றி, நான்கு பக்கமும் டேபிளை ஒரே மாதிரி தொடுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடலாம்.

துளையைத் தொடங்க சென்டர் டிரில். குட்டையாக, தடிப்பாக இருப்பதால் அது வளையாது. பிறகு 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், சுமார் 1300 ஆர்.பி.எம்., கட்டிங் ஆயில். மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பிட் மாட்டி இழுக்கும். பைப்பாக இருந்தால் உள்ளே இறுக்கமாக மரக்கட்டை செருகிக்கொள்வது நல்லது.

சரிபார்க்க: துளையில் நேரான 6 மி.மீ. பின்னைச் செருகி, ராடை வீ பிளாக்கில் வைத்து, பின்னின் இரு நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கும்படி திருப்பி ஹைட் கேஜில் (உயரம் அளக்கும் கருவி) அளவு எடுக்கவும். ராடை 180 டிகிரி திருப்பி மறுபடி அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல். ஸ்ப்ளிட் பின்னுக்கு (செருகியபின் கால்களை விரித்துவிடும் பின்) 0.1 மி.மீ. விலகல் பொருட்டே இல்லை. ராடின் மேல் காலர் (வளையம்) ஒன்றையும் தனியாகத் துளையிட்டுப் பொருத்துவதானால் அதே 0.1 பின்னை நுழைய விடாது. காலரை மாட்டி இறுக்கி, இரண்டையும் சேர்த்தே துளையிடுவதுதான் சரி.