சிவப்பு மைக் கேள்வி

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம், மோனசைட்டில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம். எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்தத் தைரியத்தில் ஒரு சிற்றிதழுக்குத் தோரியம் பற்றி எழுதினேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை உருகிய உப்பு உலை (எரிபொருளை உருக்கிய உப்பிலேயே கரைத்து ஓட்டும் அணு உலை) ஒன்று தோரியத்திலேயே ஓடியது என்று, காணொளியில் கேட்டதை அப்படியே சேர்த்துவிட்டேன். ஆசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "ஆதாரம்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஐனிஸ் தரவுத்தளத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். 'தோரியம்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. இரண்டு ராத்திரி அதிலேயே போனது. அப்புறம் தெரிந்த நூலகர் அக்கா ஒருவர், "பொருளைத் தேடாதீங்க தம்பி, அறிக்கை எண்ணைத் தேடுங்க" என்றார். இந்தத் துறையில் முக்கியமான பலவும் ஆய்விதழ்களுக்கு வராமல், ஆய்வகங்கள் எண் போட்டு வெளியிட்ட அறிக்கைகளாகவே கிடக்கின்றனவாம்.

ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில், அந்த உலையைப் பற்றி ஓக் ரிட்ஜ் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கையின் எண் சிக்கியது: ஓஆர்என்எல்-டிஎம்-728. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆஸ்டி தளத்தில் அதைப் போட்டேன். முழு அறிக்கையும் பிடிஎஃப்பாக வந்து நின்றது.

பழைய தட்டச்சுப் பக்கங்களின் ஸ்கேன். உள்ளே சொல்லைத் தேடினால் பாதி சிக்காது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். வெப்பநிலை எல்லாம் ஃபாரன்ஹீட்டில். 1,200 டிகிரி என்றதும் மிரண்டு, கணக்குப் போட்டால் செல்சியஸில் 650 பக்கம்தான்.

அதே வரிசையில் வந்த 730-ஆம் அறிக்கையில் எரிபொருளுக்காக மூன்று உப்புக் கலவைகளைக் கணக்கிட்டிருந்தார்கள். ஒன்றில் தோரியம் இருந்தது! ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஆசிரியருக்கு உடனே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அவசரக் குடுக்கை.

மறுநாள், உலையை ஓட்டிய காலத்து அறிக்கைகளைப் பிரித்தேன். உண்மையில் ஊற்றியது லித்தியம், பெரிலியம், சிர்கோனியம், யுரேனியம் ஃப்ளோரைடுகளின் கலவை. தோரியம் துளியும் இல்லை. 1968-இல் யுரேனியம்-233 எரிபொருளுக்கு மாறினார்கள். அது தோரியத்திலிருந்து கிடைப்பதுதான், ஆனால் இந்த உலையில் விளைந்ததல்ல.

இரண்டாவது மின்னஞ்சலை எழுதத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.